தோற்ற நாய்க்கும் பெட்ரோல் காசு!

30 விநாடி ஓட்டத்துக்கு 365 நாள் செலவு: வெளிநாட்டு நாய் ரேசின் வரவு–செலவுக் கணக்கு

ஆபீஸ் வேலையாக வெளியூர் போய் வந்த குமாஸ்தா என்ன செய்வார்? பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருந்து டி.ஏ. பில் போடுவார். பில் பாசாகி பணம் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்பது வேறு கதை.

நாய் வெளியூர் போனாலும் பயணப்படி உண்டு என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரேஸ் நாயை வேனில் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு, பரிசு கிடைக்காத நாய்க்கும் சேர்த்து, பயணப்படி கொடுக்கும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 'வந்து ஓடியதற்குக் காசு' என்று ஒன்று இருக்கிறது. ஜெயித்தால் பரிசு. தோற்றால் படி.

"அடடா, அந்த ஊர் நாயாகப் பிறந்திருக்கலாம் போலிருக்கே!" என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். முழுக் கணக்கையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இதில் லாபம் பார்த்தவர்கள் சிலர். கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். கணக்கு நேராகவில்லை என்பதற்காக உயிரை விட்ட நாய்களோ ஆயிரம் ஆயிரம்!

பொம்மை முயலைத் துரத்தி...

கிரேஹவுண்டு. நாய்களிலேயே வேகமான ஜாதி இதுதான். பார்த்தால் நம்ம ஊர் சிப்பிப்பாறை நாய் மாதிரி இருக்கும். ஒல்லி உடம்பு, நீண்ட கால், உள்ளே ஒட்டிய வயிறு. அவிழ்த்து விட்டால் மணிக்கு 60 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும். 500 மீட்டர் தூரத்தை 30 விநாடிக்குள் முடித்துவிடும். நீங்கள் ஒரு பீடா மென்று முடிப்பதற்குள் ரேஸ் முடிந்து, பணம் கட்டியவன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பான்.

இந்த நாய்கள் துரத்துவது நிஜ முயலை அல்ல. மின்சாரத்தில் ஓடும் பொம்மை முயலை. இந்த யோசனையைக் கண்டுபிடித்து ஓடவிட்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஓவன் பாட்ரிக் ஸ்மித். 1919-ம் ஆண்டு கலிபோர்னியாவில் எமரிவில் என்ற ஊரில் இதற்கென்று மைதானம் திறந்தார்.

அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தாவியது. 1926-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி மான்செஸ்டர் நகரின் பெல் வியூ மைதானத்தில் முதல் பந்தயம். குதிரை ரேஸ் பணக்காரன் விளையாட்டு, பகலில் நடக்கும். நாய் ரேஸ் அப்படி அல்ல. ஊருக்கு நடுவே, வேலை முடிந்த நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. மில் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

'மிக் தி மில்லர்' என்று ஒரு நாய். 1929, 1930 இரண்டு வருடமும் இங்கிலீஷ் டெர்பி பந்தயத்தில் அதுதான் முதல். நாட்டில் அதன் பெயர் தெரியாத ஆள் கிடையாது என்கிற அளவுக்குப் புகழ். செத்த பிறகும் அதன் உடம்பைப் பதப்படுத்தி, டிரிங் என்ற ஊரில் உள்ள மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றும் பார்க்கலாம்.

ஆனால் மிக் தி மில்லர் ஆயிரத்தில் ஒன்று. மீதி 999 நாய்களின் கதை என்ன?

வரவு இல்லாமல் 15 மாதம்

இனி செலவுக் கணக்குக்கு வருவோம்.

இங்கிலாந்தில் பந்தய விதிப்படி, 15 மாதம் நிறையாத நாயைப் பந்தயத்தில் ஓட விடக்கூடாது. அதாவது ஒன்றேகால் வருடம் ஒரு காசு வரவு கிடையாது. செலவு மட்டும் தினமும் உண்டு. பால் குடி மறந்த நாள் முதல் நல்ல தீனி. பூச்சி மருந்து. தடுப்பு ஊசி. காதில் பச்சை குத்தி நம்பர் போட வேண்டும். தோலுக்கு அடியில் மைக்ரோ சிப் வைக்க வேண்டும்.

பிறகு பயிற்சி. கூண்டுக்குள் பயப்படாமல் நிற்கப் பழக்க வேண்டும். கதவு திறந்ததும் அம்பு மாதிரி பாயப் பழக்க வேண்டும். வளைவில் மற்ற நாய்களோடு மோதாமல் திரும்பப் பழக வேண்டும். இங்கிலாந்தில் ஒரு பந்தயத்தில் 6 நாய். முதல் கூண்டு நாய்க்கு சிவப்பு ஜாக்கெட், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு வெள்ளை, நான்காவதுக்கு கறுப்பு, ஐந்தாவதுக்கு ஆரஞ்சு, ஆறாவதுக்கு கறுப்பு–வெள்ளைப் பட்டை. ஆஸ்திரேலியாவில் ஒரே நேரத்தில் 8 நாய் பாயும்.

பயிற்சி முடிந்தாலும் உடனே பந்தயத்தில் சேர்த்துவிட மாட்டார்கள். முதலில் சோதனை ஓட்டம். எத்தனை விநாடி எடுக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வகுப்பு பிரிப்பது போல கிரேடு பிரிப்பார்கள். பெயிலானால் திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெட்ரோல் தண்டம்.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. பந்தயத்துக்கு வந்ததும் நாயைத் தராசில் நிறுத்துவார்கள். போன தடவை ஓடியபோது இருந்த எடைக்கும் இன்றைய எடைக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், 'ஓடக்கூடாது' என்று சொல்லிவிடுவார்கள். காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தின்றுவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு!

நாளுக்கு 8 பவுண்டு என்றால்...

நாயின் சொந்தக்காரர் ஒருவர். வளர்த்துப் பயிற்சி கொடுப்பவர் இன்னொருவர். அங்கே பெரும்பாலும் இப்படித்தான். பயிற்சியாளர் கொட்டகையில் நாயை விட்டுவிட்டு, சொந்தக்காரர் நாள் வாடகை கட்ட வேண்டும். நம்ம ஊரில் ஹாஸ்டலில் பையனைச் சேர்த்துவிட்டு மெஸ் பில் கட்டுவது போல.

நாளுக்கு 8 பவுண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 365 நாள். பெருக்கினால் 2,920 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு இன்று நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. ஆக, ஒரு நாய்க்கு வருடச் செலவு ரூ.3 லட்சத்தைத் தொடும். இது சாப்பாடும் தங்கலும் மட்டும். வைத்தியச் செலவு தனி.

வரவு என்ன? நாய் வாரத்துக்கு ஒரு தடவை ஓடும். சாதாரணப் பந்தயத்தில் முதல் பரிசே சில நூறு பவுண்டுக்குள்தான். 6 நாயில் ஒன்றுதான் ஜெயிக்க முடியும். எல்லா நாயும் சமம் என்று வைத்தாலும் ஆறு வாரத்துக்கு ஒரு வெற்றி. மீதி ஐந்து வாரம் 'வந்து ஓடிய காசு' மட்டும்தான்.

டெர்பியில் முதல் பரிசு 1,75,000 பவுண்டு என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் 2018-ல் தொடங்கிய 'மில்லியன் டாலர் சேஸ்' பந்தயத்தில் முதல் பரிசு 10 லட்சம் டாலர் என்பதும் உண்மை. ஆனால் அது வருடத்துக்கு ஒரு நாய்க்கு. லாட்டரிச் சீட்டில் முதல் பரிசு விழுந்தவன் படத்தைக் காட்டி மற்றவர்களுக்குச் சீட்டு விற்பது போலத்தான் இது.

நடுவில் நாய்க்குக் காயம் பட்டால்? முதல் வளைவில்தான் ஆபத்து. ஆறும் ஒரே நேரத்தில் உள்பக்கம் பாயும்போது ஒன்றின் மேல் ஒன்று இடித்துச் சரியும். பின்னங்கால் கணு எலும்பு முறியும். ஆபரேஷன் செய்தால் பிழைக்கும். ஆனால் மறுபடி ஓடாது. ஓடாத நாய்க்கு ஆபரேஷன் செலவு செய்கிற மனசு எல்லோருக்கும் வருமா? 'வைத்தியம் செய்தால் இவ்வளவு, ஊசி போட்டு முடித்தால் இவ்வளவு' என்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. இதைத் தடுப்பதற்காகவே, ஓட்டத்தை முடித்துவிடும் காயத்துக்கு வைத்தியச் செலவில் உதவும் திட்டத்தை 2018 கடைசியில் இங்கிலாந்து கிரேஹவுண்டு வாரியம் கொண்டு வந்தது.

மைதானம் மூடினால் பெட்ரோல் ஏறும்

சரி, பயணப்படி எதற்கு வந்தது?

லண்டனைச் சுற்றி ஒரு காலத்தில் ஏகப்பட்ட நாய் ரேஸ் மைதானங்கள். பக்கத்துத் தெருவுக்கு நாயை நடத்தியே கூட்டிப் போகலாம். பிறகு நிலத்தின் விலை ஏறியது. ஒயிட் சிட்டி 1984-ல் மூடியது. வால்தம்ஸ்டோ 2008-ல் போனது. விம்பிள்டன் 2017-ல் போனது. கிரேபோர்டு 2025 ஜனவரியில் கதவை இழுத்து மூடியது. லண்டன் எல்லைக்குள் மிஞ்சியது ரோம்போர்டு ஒன்றுதான்.

மைதானம் மூடினால் நாய் வளர்ப்பவர் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? தூரத்து மைதானத்துக்கு வேனில்தான் போக வேண்டும். வேன் என்றால் ஏதோ மீன் பாடி வண்டி அல்ல. நாய்க்குத் தனித்தனி அறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும், வெயிலில் உள்ளே சூடு ஏறக்கூடாது.

ஆஸ்திரேலியாவில் தூரம் இன்னும் மோசம். டப்போ என்ற ஊரில் இருந்து சிட்னிக்கு சுமார் 390 கிலோ மீட்டர். சென்னையில் புறப்பட்டு திருச்சியையும் தாண்டிப் போகிற தூரம்! போய் வர 780 கிலோ மீட்டர். லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் ஓடும் வேன் என்றால் 78 லிட்டர் எண்ணெய். லிட்டர் 2 டாலர் என்று வைத்தால் 156 டாலர். 30 விநாடி ஓட்டத்துக்கு!

இந்தச் செலவை நினைத்து வளர்ப்பவர்கள் வராமல் போனால் என்ன ஆகும்? 8 நாய் ஓட வேண்டிய பந்தயத்தில் 5 நாய்தான் நிற்கும். நாய் குறைந்தால் பணம் கட்டுகிற ஆளும் குறைவான். சூதாட்டக் கடைக்காரருக்கு வசூல் குறையும். ஆகவே, 'தோற்றாலும் பரவாயில்லை, வந்து ஓட விடு; பெட்ரோல் காசை நாங்கள் தருகிறோம்' என்றார்கள்.

ஆக, அந்தப் பயணப்படி நாயின் மேல் உள்ள பாசத்தால் அல்ல. கல்லா நிறைய வேண்டுமே என்ற கவலையால்!

பணம் யார் பையில் இருந்து?

இங்கிலாந்தில் 1961-ல் சூதாட்டக் கடைகளுக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. 1967-ல் கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்து பகல் நேரத்திலும் நாய் ரேஸ் நடத்த ஏற்பாடு செய்தார்கள். மைதானத்தில் ஈ காக்கை இருக்காது. ஆனால் ஊர் ஊருக்குக் கடையில் உட்கார்ந்து ஆட்கள் பணம் கட்டுவார்கள். நாய் ரேசுக்கான நிதிக்கு கடைக்காரர்கள் தங்கள் நாய் ரேஸ் வரவில் 100-க்கு 60 காசு வீதம் தருகிறார்கள். அதுவும் கட்டாயம் அல்ல. அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது.

அயர்லாந்தில் நேராக அரசாங்கமே தருகிறது. குதிரைக்கும் நாய்க்கும் சேர்த்து ஒரு நிதி. அதில் 100-க்கு 80 குதிரைக்கு, 20 நாய்க்கு. 2025-ம் ஆண்டு நாயின் பங்கு மட்டும் ஒரு கோடியே 98 லட்சம் யூரோ! 'ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நாய்க்குக் கொட்டுவதா?' என்று எதிர்க்கட்சிகள் கேட்பதும், 'கிராமத்தில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் தெரியுமா?' என்று மற்றவர்கள் பதில் சொல்வதும் அங்கே வழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலக் கதை இன்னும் வேடிக்கை. அங்கே சூதாட்ட விடுதி நடத்த வேண்டும் என்றால் நாய் ரேசும் நடத்தியாக வேண்டும் என்று சட்டம். விடுதி வருமானத்தில் ஒரு பங்கு நாய் ரேசுக்குப் போகிறது. 2017-ல் இந்த மானியத்தை நிறுத்த மாநில சட்டசபை மசோதா நிறைவேற்றியது. கவர்னர் ஜிம் ஜஸ்டிஸ் கையெழுத்துப் போட மறுத்து அதைத் திருப்பி அனுப்பினார். நாய் தப்பியதோ இல்லையோ, மானியம் தப்பியது.

10 பவுண்டுக்கு ஒரு உயிர்

கணக்கு நேராகாத நாய் என்ன ஆனது? இதுதான் கதையின் கறுப்புப் பக்கம்.

2006-ம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் ஞாயிறு பத்திரிகை ஒன்று ஒரு ரகசியத்தை அம்பலப்படுத்தியது. வட இங்கிலாந்தில் சீயம் என்ற ஊரில் ஒரு கட்டிடச் சாமான் வியாபாரி, வேகம் குறைந்த ரேஸ் நாய்களை வாங்கி, நெற்றிப் பொட்டில் அடித்துக் கொன்று, தன் நிலத்திலேயே புதைத்து வந்தார். கூலி நாய்க்கு 10 பவுண்டு. 15 வருடத்தில் 10 ஆயிரம் நாய்களுக்கு மேல் இப்படிப் போயிருக்கும் என்று அந்தப் பத்திரிகை எழுதியது.

நாடே கொதித்தது. கோர்ட்டில் வழக்கு வந்தது. என்ன குற்றம் தெரியுமா? நாய்களைக் கொன்றது அல்ல. அனுமதி இல்லாமல் புதைத்தது! சுற்றுச்சூழல் சட்டப்படி 2,000 பவுண்டு அபராதம். கேஸ் முடிந்தது. இந்த ஒரு வழக்கால் எழுந்த கூச்சல்தான் பிறகு விசாரணைக் குழுக்கள் வரக் காரணம். மைதானத்தில் கால்நடை டாக்டர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லும் 2010-ம் ஆண்டு விதிகளுக்கும் அதுவே காரணம்.

ஆஸ்திரேலியாவில் 2015 பிப்ரவரியில் ஏ.பி.சி. டெலிவிஷன் ஒரு குட்டை உடைத்தது. பொம்மை முயலுக்குப் பதிலாக உயிருள்ள முயலையும் பன்றிக்குட்டியையும் கம்பியில் கட்டி, நாய்களுக்கு வெறி ஏற்றிய காட்சிகளை ரகசியக் கேமராவில் பிடித்துக் காட்டியது. பயிற்சியாளர்கள் பலர் ஆயுள் முழுவதும் தடை செய்யப்பட்டார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 12 வருடத்தில் 97,783 நாய்கள் பிறந்தன. அதில் குறைந்தது பாதி, வேகம் போதாது என்பதற்காகவே கொல்லப்பட்டிருக்கும் என்று கமிஷன் அறிக்கை கொடுத்தது.

முதல்–மந்திரி மைக் பேர்டு 2016 ஜூலை 7-ந் தேதி, 'நாய் ரேசுக்குத் தடை' என்று அறிவித்தார். கிராமப்புறம் முழுவதும் எதிர்ப்பு. மூன்று மாதம்தான். அக்டோபர் 11-ந் தேதி தடையை வாபஸ் வாங்கினார்.

ஒன்றன் பின் ஒன்றாக...

அன்று ஒருவர் பின்வாங்கினாலும் மற்றவர்கள் பின்வாங்கவில்லை. அமெரிக்காவில் புளோரிடா மாநில மக்கள் 2018 நவம்பரில் 100-க்கு 69 பேர் வீதம் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள். 2020 டிசம்பரோடு அங்கே ரேஸ் முடிந்தது. 2022 முடிவில் அமெரிக்கா முழுவதும் மிஞ்சியது மேற்கு வர்ஜீனியாவின் இரண்டே மைதானங்கள்.

நியூசிலாந்து மந்திரி வின்ஸ்டன் பீட்டர்ஸ் 2024 டிசம்பர் 10-ந் தேதி, 20 மாதத்துக்குள் கடையைக் கட்ட வேண்டும் என்று அறிவித்தார். வேல்ஸ் அரசு 2025 பிப்ரவரியில் தடை அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலம் 2025 ஆகஸ்டில், '2029 ஜூன் வரைதான் மானியம், அதோடு ரேசும் சரி' என்று சொல்லிவிட்டது. மானியத்தை எடுத்தால் ரேஸ் நிற்காது என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

நம்ம ஆசியாக் கண்டத்திலும் ஒன்று இருந்தது. மக்காவ் நகரின் கானிட்ரோம். நாய்கள் ஆஸ்திரேலியாவில் இருந்து விமானத்தில் வந்தன. வந்த நாய் உயிரோடு வெளியே போவது அபூர்வம். 'இனி ஆசியாவுக்கு ரேஸ் நாய் ஏற்ற மாட்டோம்' என்று குவான்டாஸ் விமான கம்பெனி 2015 டிசம்பரில் கைவிரித்தது. 2018 ஜூலையில் கானிட்ரோம் மூடியபோது உள்ளே 500-க்கு மேற்பட்ட நாய்கள் கேட்பாரற்று நின்றன. பிராணி நலச் சங்கத்தார் பல நாடுகளில் வீடு தேடி அனுப்பி வைத்தார்கள்.

நாய் வளர்ப்பவரும் மனிதர்தானே?

இதைப் படித்துவிட்டு நாய் வளர்ப்பவர் எல்லோரையும் கொலைகாரர் என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் நியாயம் அல்ல. விடியற்காலை எழுந்து, மழையானாலும் பனியானாலும் நாயை நடத்திக் கூட்டிப்போய், கால் பிடித்துவிட்டு, தன் சாப்பாட்டுக்கு முன் அதற்குப் போடுகிறவர்கள் அங்கே நிறைய. பலர் ரிட்டையர் ஆன தொழிலாளிகள். கையில் மிச்சம் இல்லை என்று தெரிந்தும் விட மனசு வராதவர்கள். நம்ம ஊர் ரேக்ளா மாட்டுக்காரரைக் கேட்டால் இந்த மனசு புரியும்.

குறை அவர்கள் மனசில் அல்ல, கணக்கில் இருக்கிறது. நாய் ஓடுவது அதிகம் போனால் மூன்று வருடம். நாயின் ஆயுளோ 12, 13 வருடம். மீதி வருடங்களுக்கு யாரும் பட்ஜெட் போடவில்லை. பரிசுக்குப் பணம் ஒதுக்கினார்கள். மைதானத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். பெட்ரோலுக்கும் ஒதுக்கினார்கள். ஓய்வு பெற்ற நாய்க்கு மட்டும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள்.

இங்கிலாந்தில் 2020-ல்தான் அதற்கு வழி பிறந்தது. திட்டம் தொடங்கியபோது, நாயைப் பதிவு செய்யும்போதே 400 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது. பாதி சொந்தக்காரர், பாதி வாரியம். ஓட்டம் முடிந்து நாயை ஒரு வீட்டில் சேர்க்கும் நிலையத்துக்கு அந்தப் பணம் போய்ச் சேரும். பிராவிடண்ட் பண்டு மாதிரி. ரேஸ் தொடங்கிய 1926-ல் இருந்து கணக்குப் பார்த்தால், 94 வருடம் கழித்து நாய்க்கு ஒரு பி.எப்.!

இதற்குப் பிறகும் 2024-ம் ஆண்டு ஒரே வருடத்தில் 123 நாய்கள் மைதானத்திலேயே செத்தன என்று வாரியத்தின் புள்ளிவிவரமே சொல்கிறது. ஆக, வேலை இன்னும் முடியவில்லை.

நாயை மைதானத்துக்குக் கொண்டு போக வண்டிச் சத்தம் கொடுக்க ஆள் இருக்கிறது. ஓடி முடித்த நாய், ஒரு வீட்டு வாசலில் போய்ப் படுப்பதற்கான வண்டிச் சத்தத்தையும் அதே கல்லாவில் இருந்து எடுத்துக் கொடுப்பதுதானே நியாயம்?